வலப்பக்க ஸ்டீயரிங் – 9: பந்தின் மேல் எத்தனை கிலோ?

என் டெலிகா வேனின் அடியில் படுத்துச் சட்டங்களைத் தட்டித் துரு பார்த்த கதை போன இதழோடு முடிந்தது. இந்த வாரம் ட்ரெய்லர் விளக்குகளுக்கு வயர் இழுப்பது என்று சொல்லியிருந்தேன். ஆனால் ட்ரெய்லரைக் கொளுவும் ஹிட்ச்சுக்கான எண்களைத் தேடப் போன இடத்தில் ஒரு விஷயம் அகப்பட்டது. வயர் கொஞ்சம் பொறுக்கட்டும்.

ட்ரெய்லர் வாங்க நினைக்கும் டெலிகாக்காரர் எவரும் முதலில் கேட்பது, "இது எவ்வளவு இழுக்கும்?" என்றுதான். அதற்கு விடை சொல்ல இங்கே கனடாவில் ஆளில்லை. என் வண்டியோடு வந்த ஜப்பானியக் கையேட்டில் இழுவை எடை பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ஜப்பானில் 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெய்லரை இழுக்கத் தனி உரிமம் வேண்டும். குடும்பத்தோடு பனிமலைக்குப் போய்வர வேன் வாங்குகிறவர்கள் அந்த வில்லங்கத்துக்குள் போவதில்லை. கனடாவிலோ எல் 400 டெலிகா புதிதாக விற்கப்பட்டதே இல்லை. 15 வயது தாண்டிய வண்டிகளுக்குப் பாதுகாப்புத் தர விதிகளிலிருந்து விலக்கு உண்டு. அந்த வாசல் வழியாக வந்த வண்டிக்கு இழுவை எண் கொடுக்கும் பொறுப்பு இங்கே யாருக்கும் இல்லை.

ஆகவே எல்லோரும் ஐரோப்பாவைப் பார்க்கிறோம். இதே எல் 400 அங்கே ஸ்பேஸ் கியர் என்ற பெயரில் விற்றது. இழுவை எடைக்கு அங்கே முறையான எண் உண்டு. அதைப் பிடித்து, கிலோவைப் பவுண்டாக்கி, பொருத்தமான ஹிட்ச் எடுத்துவிடுவது வழக்கம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஓடும் டெலிகாக்களில் பலவற்றுக்கு இப்படித்தான் பின்னால் ட்ரெய்லரைத் தாங்கும் பந்து முளைத்தது.

அந்த எண்ணை அப்படியே கடல் தாண்டிக் கொண்டுவரக் கூடாது. இந்த வாரம் என்னை இருத்தி எழுதவைப்பது இதுதான்.

ட்ரெய்லரின் முன்மூக்கு பந்தின் மேல் உட்காரும்போது கீழ்நோக்கி ஒரு பாரத்தை இறக்குகிறது. டங் வெயிட் என்பார்கள். நான் மூக்குப் பாரம் என்று எழுதுகிறேன். பிரிட்டனில் கேரவன் இழுப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் மூக்கில் இருந்தால் போதும் என்று. வட அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் இருக்கவேண்டும் என்கிறார்கள். 1,500 கிலோ ட்ரெய்லர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பந்தின் மேல் 75 முதல் 105 கிலோ. இங்கே 150 முதல் 225 கிலோ. ஐரோப்பியப் பந்துகளின் தகட்டில் இழுவை எண்ணுக்குப் பக்கத்தில் இன்னோர் எண் சின்னதாக அடித்திருக்கும்: மூக்குப் பார எல்லை. சாதாரணக் கார், வேன்களுக்கு அது பெரும்பாலும் 75 அல்லது 100. நம் ஆட்கள் பெரிய எண்ணைப் படித்துவிட்டுச் சின்ன எண்ணை விட்டுவிடுகிறார்கள். பந்து தாங்குவது 100 கிலோ என்றால், இங்கே சொல்லும் 10 சதவீதப்படி இழுக்கக்கூடியது 1,000 கிலோ மட்டும். அதே வண்டி, அதே இரும்பு. ஐரோப்பாவில் 1,500 கிலோவை இழுத்தது பசிபிக் கரைக்கு வந்ததும் 500 கிலோவை இழந்துவிடுகிறது!

யார் சரி, ஐரோப்பாக்காரர்களா வட அமெரிக்கர்களா என்று கேட்டால், இரண்டு பேரும் சரி. வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. ஜெர்மனியில் ட்ரெய்லர் இழுக்கும் காருக்கு மணிக்கு 80 கி.மீ. எல்லை, தனி அனுமதி வாங்கினால் 100. பிரிட்டனின் மோட்டார்வேயில் 60 மைல், அதாவது ஏறக்குறைய 97 கி.மீ.தான். இங்கே கோக்கிஹால்லா நெடுஞ்சாலையின் பலகை 120 என்கிறது. மலையிறக்கத்தில் பின்னால் ட்ரெய்லரோடு அந்த வேகத்தைத் தொடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

வேகத்துக்கும் மூக்குப் பாரத்துக்கும் என்ன உறவு என்று காட்டும் அழகான செய்முறை ஒன்று உண்டு. ஓடுகிற டிரெட்மில்லின் மேல் ஒரு பொம்மைக் காரும் ட்ரெய்லரும். ட்ரெய்லரின் எடைக்கட்டிகளை முன்பக்கம் வைத்துவிட்டு விரலால் பக்கவாட்டில் ஒரு தட்டு. இரண்டு ஆட்டம் ஆடி நேராகிவிடும். கட்டிகளைப் பின்பக்கம் நகர்த்தி அதே தட்டு. இப்போது முதல் ஆட்டத்தைவிட இரண்டாவது பெரிது, மூன்றாவது அதைவிடப் பெரிது. காரின் வாலைப் பிடித்து ஆட்டத் தொடங்கி இரண்டும் சேர்ந்து சுழலும். வேகம் கூடக்கூட ஆட்டம் அடங்கும் தன்மை குறைகிறது. மூக்கில் பாரம் கூட்டினால் அது பத்திரமாக அடங்கும் வேகம் உயர்கிறது. ஐரோப்பாக்காரர்கள் வேகத்தைக் குறைத்து மூக்கை இலேசாக்கிக்கொண்டார்கள். கேரவனின் அச்சை நடுவுக்குப் பக்கத்தில் வைத்து, கனமான சாமான்களை அச்சுக்கு மேலேயே அடுக்கச் சொல்வதும் அதன் பகுதிதான். பந்தின் மேல் உட்காரும் மூக்கு நுனியைக் கப்ளர் என்பார்கள். அங்கே ஆல்-கோ நிறுவனத்தின் கப்ளர் ஒன்று பெயர் பெற்றது. உள்ளே இருக்கும் உராய்வுப் பட்டைகள் பந்தைக் கவ்விப் பிடித்து ஆட்டத்தை அடக்குகின்றன. அதனால் அந்தப் பந்தில் ஒரு பொட்டுக் கிரீஸ்கூட இருக்கக் கூடாது. இங்கே பந்து வாங்கினால் முதல் வேலையாகக் கிரீஸ் பூசச் சொல்வார்கள். ஓர் எண்ணுக்குப் பின்னால் ஒரு கண்டத்தின் பழக்கம் முழுவதும் நிற்கிறது!

அமெரிக்க ஹிட்ச் வகுப்புகளையும் இதே கண்ணோடு பாருங்கள். முதல் வகுப்பு 2,000 பவுண்டு இழுவை, 200 பவுண்டு மூக்கு. இரண்டாம் வகுப்பு 3,500-க்கு 350. 10 சதவீதம் அந்த எண்களுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஹிட்ச் தாங்குவதை வண்டியும் தாங்குமா என்பது வேறு கணக்கு. பந்து பின் அச்சுக்கு மேலே இல்லை. அதற்குப் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. குட்டை எல் 400-இன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.8 மீட்டர். பந்து பின் அச்சிலிருந்து 1.4 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால், பந்தில் 100 கிலோ இறக்கும்போது பின் அச்சின் மேல் 150 கிலோ ஏறுகிறது. முன் அச்சிலிருந்து 50 கிலோ கழிகிறது. கிணற்றடித் துலாவின் வால்பக்கம் ஆள் நடந்தால் மற்றப் பக்கம் மேலெழும்புமே, அதே நடப்புத்தான். ஸ்டீயரிங் திரும்புவது முன் சக்கரத்தில். பிரேக்கின் பெரும்பங்கும் அங்கேதான். மழை நாளில் அந்த 50 கிலோ பெரிய விஷயம். அதனால் பந்தைத் தாங்கும் பால் மவுண்டை நீளமானதாக வாங்காதீர்கள். கதவு திறக்க இடம் விட்டு, எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக எடுங்கள்.

என் வண்டிக்கு நான் வைத்துக்கொண்டிருக்கும் எல்லை மூக்கில் 100 கிலோ, ட்ரெய்லர் 1,000 கிலோ. இந்த மாகாணத்தில் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கேட்கும் 1,400 கிலோவுக்கும் அது உள்ளே அடங்குகிறது. பால் மவுண்ட் செருகும் ரிசீவர் மட்டும் 2 அங்குலக் குழாய். சைக்கிள் ரேக்குகள் பலவும் அந்த அளவில்தான் வருகின்றன. குழாய் பெரிதானதால் வண்டி மூன்றாம் வகுப்புக்கு உயர்ந்துவிடாது. என் வண்டியை இரவல் வாங்குகிறவருக்கும் தெரியட்டும் என்று எல்லையை வெள்ளைப் பெயின்டில் குழாயின் மேலேயே எழுதப்போகிறேன்.

ஹிட்ச்சைப் பூட்டுகிற வேலை சரே நகரில் ஒரு நண்பரின் கராஜில் நடந்தது. எல் 400-க்குத் தனியாகக் கழற்றி எடுக்கக்கூடிய அடிச்சட்டம் கிடையாது. பெட்டி வடிவச் சட்டங்கள் உடலோடு சேர்த்து வெல்டு செய்யப்பட்டவை. பின் பம்பருக்கு அடியில் வசதியாக ஒரு தட்டையான இடம் இருந்தது. அங்கேயே போல்ட் போடலாமே என்று கேட்டேன்.

"அண்ணை, இது வெறும் தகடு. இதில பூட்டினா இழுக்க இழுக்கக் கிழிஞ்சுபோகும். பெட்டிச் சட்டத்தைத்தான் பிடிக்கவேணும்."

"பெட்டியில போல்ட்டை இறுக்கினா அது நசுங்காதோ, தம்பி?"

"நசுங்கும். அதுக்குத்தானே உள்ளுக்க குழாய் வைக்கிறது."

பெட்டியின் உள்ளகலத்தை அளந்து, அதே நீளத்துக்கு இரும்புக் குழாய்த் துண்டுகளை அறுத்து, இரு முனையையும் அரத்தால் சமன் செய்து உள்ளே செருகினார். போல்ட் அந்தக் குழாய்க்குள்ளால் போகிறது. இறுக்குகிற விசையைக் குழாய் வாங்கிக்கொள்கிறது, பெட்டியின் சுவர் நெளிவதில்லை. தலையில் 10.9 என்று அடித்த போல்ட்டுகள், இரு பக்கமும் தடித்த தகட்டு வாஷர். துளைத்த ஓட்டைகளின் விளிம்பில் ஸிங்க் பிரைமர், அது காய்ந்ததும் உள்ளே மெழுகு. குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் நாட்டில் பெயின்ட் இல்லாத ஓட்டை ஒன்று போதும், சட்டத்தைத் தின்ன. டார்க் ரெஞ்சால் இறுக்கிய பிறகும், முதல் முறை பாரம் இழுத்துவிட்டு வந்ததும் எல்லாப் போல்ட்டையும் மறுபடி பார்க்கவேண்டும்.

பந்து வாங்கும்போது அதன் தலையில் அடித்திருக்கும் அளவைப் படியுங்கள். ஐரோப்பிய, ஆஸ்திரேலியப் பந்து 50 மில்லிமீட்டர். இங்கே 2 அங்குலம், அதாவது 50.8. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. 2 அங்குலக் கப்ளரை 50 பந்தில் பூட்டினால் உள்ளே ஆடும்; 50 கப்ளர் 2 அங்குலப் பந்தில் சரியாக இறங்காமல் பூட்டியதுபோல் காட்டும். இரண்டாவதுதான் எனக்கு அதிகப் பயம்.

மூக்குப் பாரத்தை வீட்டிலேயே அளக்கலாம். குளியலறைத் தராசு ஒன்று, அதன் உயரத்துக்குச் செங்கல், உறுதியான மரச்சட்டம், இரண்டு குழாய்த் துண்டுகள். ஒரு குழாயைச் செங்கல்லின் மேலும் மற்றதைத் தராசின் மேலும் கிடத்தி, இடையே 3 அடி விட்டு, மரச்சட்டத்தைக் குறுக்கே வையுங்கள். செங்கல் பக்கத்துக் குழாயிலிருந்து 1 அடி தள்ளி ட்ரெய்லரின் மூக்கை இறக்குங்கள். தராசு காட்டுவதை 3-ஆல் பெருக்கினால் மூக்குப் பாரம். ட்ரெய்லர் கிடைமட்டமாக நிற்கவேண்டும், சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருக்கவேண்டும், சாமான்கள் பயணத்தில் இருக்கும் இடத்திலேயே இருக்கவேண்டும். தண்ணீர்க் கேனை அச்சுக்குப் பின்னாலிருந்து முன்னால் நகர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

வயர் அடுத்த வாரம், உறுதியாக. ஜப்பானிய வண்டியில் பிரேக்குக்குச் சிவப்பு, திரும்புவதற்கு மஞ்சள் என்று தனித்தனி விளக்கு. இங்கத்தைய சாதாரண ட்ரெய்லரில் ஒரே சிவப்பு விளக்கு இரண்டு வேலையையும் செய்கிறது. வண்டியின் வயரை ட்ரெய்லரின் நான்கு கம்பிகளோடு நேரே முறுக்கிவிட முடியாது. நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். அது மின்சாரத்தை வண்டியின் பழைய விளக்கு வயரிலிருந்து எடுக்கலாமா, பாட்டரியிலிருந்து நேரே எடுக்கவேண்டுமா என்பதிலிருந்து தொடங்குகிறேன். அதற்குள் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு உங்கள் வண்டிக்குப் பின்னால் போய் நின்று, எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது என்று குறித்துவையுங்கள்.

(தொடரும்)