கோடாலி வாங்கத் தெரியுமா?

பெயின்ட்டும் பளபளப்பும் ஏமாற்றும். இரும்பு, பிடி, எடை மூன்றையும் பார்த்து வாங்கினால்தான் காட்டில் கை கொடுக்கும்.

கூடாரத்துக்கும் ஷூவுக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் மலையேற்றப் பிரியர்கள் பலர், கோடாலியை மட்டும் கடைசி நிமிடத்தில் ஏதோ ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்குகிறார்கள். சிவப்பு பெயின்ட் அடித்த தலை, வார்னிஷ் பூசிய பிடி. பார்க்க அழகுதான். ஆனால் காய்ந்த கட்டையின் மீது பத்து போடு போட்டதும் வாய் மழுங்குகிறது அல்லது தலை ஆடத் தொடங்குகிறது. மழுங்கிய வாய் வேலையைத்தான் கெடுக்கும். கழன்று பறக்கும் தலை ஆளையே சாய்த்துவிடும். ஆஸ்பத்திரி ஒரு நாள் நடை தூரத்தில் இருக்கும் இடத்தில் இது விளையாட்டல்ல.

முதலில் பார்க்க வேண்டியது இரும்பு. எஃகின் கடினத்தைத் தீர்மானிப்பது அதிலுள்ள கார்பன். ஜன்னல் கிரில் செய்யும் மைல்டு ஸ்டீலில் அது 0.3 சதவீதத்துக்கும் குறைவு. எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் அதில் கூர் நிற்காது. கோடாலிக்கு சுமார் 0.5 முதல் 0.8 சதவீதம் வரை தேவை. கிராமத்துக் கொல்லர்கள் பழைய லாரி கமான் பட்டையைத் தேடிப் பிடிப்பது இதனால்தான். அந்த ஸ்பிரிங் ஸ்டீலில் கார்பன் ஏறத்தாழ 0.6 சதவீதம். படிப்பறிவு இல்லாத கொல்லருக்கும் அனுபவம் சொல்லிக் கொடுத்த கணக்கு இது.

சோதிக்க ஒரு புது அரம் போதும். வாயின் மீது தேய்க்கும்போது அரம் வழுக்கிக்கொண்டு போனால் எஃகு அளவுக்கு மீறிய கடினம். கல்லில் பட்டால் சில்லு தெறிக்கும். தேங்காய் துருவுவது போலச் சுலபமாக அரித்துக்கொண்டு போனால் பதம் போதாது. அரம் சற்றே முரண்டு பிடித்துக் கடிக்க வேண்டும்.

அடுத்தது பிடி. அமெரிக்காவில் ஹிக்கரி மரம், ஐரோப்பாவில் ஆஷ் என்றால், இந்தியாவில் வெக்காளி, சடச்சி, கருவேலம் எல்லாம் பெயர் பெற்றவை. வடக்கே தாமன் என்று அழைக்கப்படும் சடச்சி வளைந்து கொடுக்கும். அதிர்ச்சி கைக்கு ஏறாது. இமயமலையிலும் ஆஷ் உண்டு. 1973ல் சிப்கோ இயக்கம் வெடித்ததற்கு உடனடிக் காரணமே அந்த மரம்தான். விவசாயக் கருவிகள் செய்ய கோபேஸ்வரின் தசோலி கிராம சுயராஜ்ய சங்கம் கேட்டபோது மறுக்கப்பட்ட மரம், விளையாட்டுச் சாமான் நிறுவனம் ஒன்றுக்கு ஒதுக்கப்பட்டது. நல்ல பிடிக்கான மரம் அத்தனை அருமையான சரக்கு.

எந்த மரமானாலும் ரேகைகள் பிடியின் நீளத்துக்கு நேராக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அந்த இடத்தில் முறியும். பிடியின் அடிமுனையில் தெரியும் கோடுகள் வாயின் திசையிலேயே இருப்பது நல்லது. பெயின்ட் அடித்த பிடியில் எதுவும் தெரியாது, தவிர்த்துவிடலாம்.

தலையும் பிடியும் சேரும் இடம் இன்னும் முக்கியம். துளை இரு முனைகளிலும் அகன்று நடுவில் சற்றுக் குறுகியிருக்க வேண்டும். பிடியைக் கீழிருந்து நுழைத்து மேலே ஆப்பு அடித்தால் அது விரிந்து இறுகிக்கொள்ளும். பிக்காசு போல மேலிருந்து பிடியைச் செருகும் ரகமும் உண்டு. வீசும்தோறும் தலை தானே இறுகும். முறிந்தால் மாற்றுவதும் சுலபம். தளர்ந்த பிடியைத் தண்ணீரில் ஊறவைப்பது பழைய வழக்கம். மரம் உப்பி இறுகும், காய்ந்ததும் முன்னைவிடத் தளரும். புது ஆப்புதான் மருந்து.

எடை விஷயத்தில் பேராசை கூடாது. கூடாரத்தருகே விறகு சீவ 600 முதல் 900 கிராம் தலையும் சுமார் 50 செ.மீ. பிடியும் போதும். கைக்கோடாலிகளுக்குப் பெயர் பெற்ற ஸ்வீடனின் கிரான்ஸ்ஃபோர்ஸ் தயாரிக்கும் சிறிய காட்டுக் கோடாலியின் தலையும் சுமார் 700 கிராம்தான். ஆனால் குட்டைப் பிடியில் ஓர் ஆபத்து: குறி தப்பினால் வாய் நேராக முழங்காலுக்கு வரும். மண்டியிட்டு, அடிக்கட்டை ஒன்றின் மேல் வைத்து வெட்டுவதே பாதுகாப்பு.

வாங்கிய பிறகும் வேலை இருக்கிறது. பெரும்பாலான கோடாலிகளின் வாய் தடித்தே வரும். அரத்தால் மெல்லியதாக்கி, சாணைக்கல்லில் தீட்ட வேண்டும். மின்சாரச் சாணையில் வைத்து வாய் நீலம் பாரித்தால் பதம் போச்சு. பிடிக்கு ஆளிவிதை எண்ணெய், தலைக்கு ஏதாவது ஓர் எண்ணெய், பயணத்துக்குத் தோல் உறை. பின்பக்கத்தைச் சம்மட்டியாக்கி இரும்பை அடித்தால் துளை விரிந்துவிடும்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் ஒரு கேள்வி மிச்சம்: எங்கே வெட்டுவது? 1927ம் வருட இந்திய வனச் சட்டப்படி ரிசர்வ் காட்டில் அனுமதியின்றி மரம் வெட்டுவது குற்றம். 1972ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமோ, சரணாலயத்துக்குள் அனுமதியின்றி ஆயுதத்துடன் நுழையவே தடை விதிக்கிறது. ஆயுதங்களின் பட்டியலில் கத்தியும் உண்டு. காரணம் இல்லாமல் இல்லை. மலையேற்றக் குழுக்கள் எரிபொருளுக்காக ஜூனிபர் புதர்களை வெட்டியது நந்தா தேவிப் பகுதியை 1980களின் தொடக்கத்தில் மூட வைத்த காரணங்களில் ஒன்று. அந்த உயரத்தில் வளரும் ஜூனிபருக்கு ஒரு சாண் ஏறவே பல வருடங்கள் பிடிக்கும். அங்கே கேஸ் அடுப்பே போதும். கோடாலி உறையிலேயே இருக்கட்டும்.