எண்ணிக்கையும் எட்டாம் கட்டளையும்

பொய்ச்சாட்சியை விலக்கும் எட்டாம் கட்டளையை, பொய் பேசாமை என்று மட்டுமே பலரும் விளங்கிக்கொள்கிறோம். அறிந்ததை மறைப்பதும், அறிந்ததற்கு மேலாகச் சொல்வதும் அக்கட்டளையை மீறுவதேயாகும்.

மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரி 8ஆம் திகதி, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் அளித்த சாட்சியத்தைப் பாருங்கள். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்தோர், கச்சேரிக் கணக்கின்படி 429,059 பேர். 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர், ஐக்கிய நாடுகளின் கணக்கின்படி 282,380 பேர். வித்தியாசம் 146,679. களத்தில் நூறு மூடை ஏற்றி, வீட்டில் அறுபத்தாறு இறங்கினால், மீதி எங்கே என்று எந்தக் கமக்காரரும் கேட்பார். ஆயர் கேட்டதும் அதுவே.

அத்தனை பேரும் இறந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. (பின்னர் அந்த எண்ணைக் கொல்லப்பட்டோர் தொகையாகவே எழுதியவர்களும் உண்டு.) அவர்களுக்கு என்ன நேர்ந்தது எனத் தெளிவுபடுத்துமாறு கேட்டார். இதன் பொருட்டு 2012இல் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினர் அவரை விசாரித்தனர்.

காணாமற்போன உறவினர் பற்றி முறைப்பாடு எழுதும் நமது குடும்பங்களும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். கண்ணால் கண்டதை ஒரு பந்தியில் எழுதுங்கள். பிறர் சொல்லக் கேட்டதை, சொன்னவர் யார் என்பதோடு, வேறொரு பந்தியில் எழுதுங்கள். திகதி நினைவில்லையெனில் ஊகித்து எழுதாமல், எந்த இடத்தில், எந்த இடப்பெயர்வின்போது என்று குறிப்பிடுங்கள். காணிப் படிவத்திலும் இரண்டு ஏக்கர் வயலென்றால் இரண்டு ஏக்கரே. கையளிக்குமுன் பிரதியொன்று எடுத்து, பங்குத்தந்தையிடமோ கிராம அலுவலரிடமோ வாசித்துக் காட்டுங்கள்.