எம்-1: பாஸ் பண்ண மூணு யூனிட் போதும்... அப்புறம்?

கவுன்சலிங் முடிந்து, ஃபீஸ் கட்டி, ஹாஸ்டலில் பெட்டியை இறக்கிவைத்த முதலாமாண்டு எஞ்சினியரிங் மாணவனுக்கு சீனியரிடமிருந்து கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் கணிதத் தாளான எம்-1 பற்றியதாகத்தான் இருக்கும். 'அண்ணா, எம்-1 ரொம்பக் கஷ்டமாமே?' என்று இவன் கேட்பான். 'அஞ்சு யூனிட்டையும் உன்னை எவன்டா படிக்கச் சொன்னான்? மூணை நல்லாப் பாரு, பாஸ் ஆயிடலாம்' என்று பதில் வரும். சீனியர் சொல்வதை விதிமுறைப் புத்தகத்தை வைத்துச் சரிபார்த்தாலும் சரியாகவே வருகிறது. நாம் கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

ஒவ்வொரு முறை முதல் செமஸ்டர் ரிசல்ட் வரும்போதும் கணக்கில் அரியர் விழுந்தவர்கள் பற்றி வீட்டுக்கு வீடு பேச்சு நடக்கிறது. கேள்வித்தாள் கடினம், நடத்தியது புரியவில்லை, தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளை என்று காரணங்களும் அடுக்கப்படுகின்றன. எல்லாம் உண்மைதான். ஆனால் ஃபெயிலானவர்களைப் பற்றிப் பேசும் நாம், பாஸ் ஆனவர்கள் எதைப் படித்துப் பாஸ் ஆனார்கள் என்று கேட்பதில்லை. கேட்டால் இன்னும் சங்கடமான பதில் கிடைக்கும்.

விதிப்படி போட்ட கணக்கு

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் முதல் செமஸ்டர் கணிதத் தாளின் பெயர் 'மேட்ரிக்சஸ் அண்ட் கால்குலஸ்'. தாள் எண் எம்.ஏ.3151. ரெகுலேஷன் மாறும்போதெல்லாம் பெயரும் எண்ணும் மாறினாலும் மாணவர்கள் வாயில் அது எம்-1 தான். நான்கு கிரெடிட். மேட்ரிக்ஸ், டிஃபரன்ஷியல் கால்குலஸ், பல மாறிச் சார்புகள், இன்டக்ரல் கால்குலஸ், மல்டிபிள் இன்டக்ரல் என்று ஐந்து யூனிட். யூனிட்டுக்கு 9 வகுப்பு, 3 டுடோரியல். மொத்தம் 60 பீரியட்.

கேள்வித்தாளும் இதே அளவில் பங்கு பிரிக்கப்பட்டிருக்கிறது. பகுதி 'ஏ'-வில் டூ மார்க் பத்து. பகுதி 'பி'-யில் சிக்ஸ்டீன் மார்க் ஐந்து, ஒவ்வொன்றிலும் இதுவோ அதுவோ என்று சாய்ஸ் உண்டு. யூனிட்டுக்கு இரண்டு டூ மார்க்கும் ஒரு சிக்ஸ்டீன் மார்க்கும் வரும். அதாவது யூனிட்டுக்கு 20 மதிப்பெண்.

பாஸ் செய்ய செமஸ்டர் தேர்வில் 45 சதவீதம் வேண்டும்; இன்டர்னலையும் சேர்த்து 50 வர வேண்டும். இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் தேர்வுக்கு 60 என்பது பங்கீடு. தேர்வில் 45 எடுத்தால் அது 60-க்கு 27 ஆகும். மீதி 23-ஐ 40-லிருந்து எடுத்தால் போதும். ரெக்கார்டு, அசைன்மென்ட் எல்லாம் ஒழுங்காகக் கொடுக்கும் மாணவனுக்கு அது பெரிய விஷயமில்லை.

இப்போது சீனியரின் கணக்கு. மூன்று யூனிட் படித்தால் 60 மதிப்பெண்ணுக்கு எழுதலாம். அதில் முக்கால்வாசி சரியாக எழுதினால் 45. பாஸ்! மற்ற இரண்டு யூனிட்டையும் புத்தகத்தில் திறந்துகூடப் பார்க்க வேண்டாம். நான்கு கிரெடிட்டும் முழுசாகக் கணக்கில் ஏறிவிடும். இரண்டு யூனிட் குறைகிறது என்று எந்த மதிப்பெண் பட்டியலிலும் இருக்காது.

வருகைப்பதிவு விதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லா வகுப்புக்கும் வர வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. தவிர்க்க முடியாத காரணங்களை உத்தேசித்துக் குறைந்தபட்சம் 75 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். உடம்பு சரியில்லை, விளையாட்டுப் போட்டி என்றால் 65 வரை காண்டனேஷன் உண்டு. அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. 60 பீரியடில் 75 சதவீதம் என்றால் 45. பதினைந்து பீரியட் வராமல் இருக்கலாம். ஒரு யூனிட்டுக்கு மொத்தமே 12 பீரியட்தான்! மாணவன் எத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தான் என்பதைத் துல்லியமாக அளக்க விதி இருக்கிறது. எந்த யூனிட்டுக்கு உட்கார்ந்தான், எதைத் தெரிந்துகொண்டான் என்று அளக்க விதி இல்லை.

பிடித்த யூனிட், விட்ட யூனிட்

எதைப் படிப்பது என்பதிலும் பெரிய குழப்பம் கிடையாது. முதல் யூனிட் மேட்ரிக்ஸ் எல்லோருக்கும் செல்லப்பிள்ளை. ஐகன் வேல்யூ, கேய்லி-ஹாமில்டன் தேற்றம், குவாட்ராட்டிக் ஃபார்மை கனானிக்கல் ஃபார்முக்கு மாற்றுவது. இதில் ஒன்று சிக்ஸ்டீன் மார்க்கில் வந்தே தீரும் என்பது மாணவர்களின் நம்பிக்கை. வழிமுறை சுலபம். மூன்றுக்கு மூன்று மேட்ரிக்ஸ் கொடுத்தால் எஸ்-1 என்பது மூலைவிட்டத்தில் உள்ள எண்களின் கூட்டுத்தொகை. எஸ்-2 என்பது அந்த மூலைவிட்ட எண்களின் மைனர்களைக் கூட்டினால் வருவது. எஸ்-3 என்பது டிடர்மினன்ட். இந்த மூன்றையும் சமன்பாட்டில் போட்டு, கால்குலேட்டரில் ஈக்வேஷன் மோடைத் தட்டினால் ஐகன் வேல்யூக்கள் வந்து நிற்கும். பதினாறில் பெரும்பகுதி கைக்கு வந்துவிட்டது.

ஐகன் வெக்டர் என்றால் என்ன என்று அதே மாணவனைக் கேட்டுப் பாருங்கள். அந்த மேட்ரிக்ஸால் பெருக்கும்போது திசைக்கோடு மாறாமல், நீளம் மட்டும் கூடவோ குறையவோ செய்யும் வெக்டர் அது. எத்தனை மடங்கு என்று சொல்வதுதான் ஐகன் வேல்யூ. இந்த இரண்டு வரி தெரியாமலேயே பதினாறுக்குப் பதினாறு வாங்கலாம். வாங்குகிறார்கள்.

மறுமுனையில் ஐந்தாம் யூனிட். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மாறியோடு நின்றுவிட்ட தொகையீடு இங்கே இரண்டு, மூன்று மாறிகளுக்குப் போகிறது. அடிக்கடி பயிற்சிக்குக் கொடுக்கப்படும் ஒரு கணக்கைப் பார்ப்போம். எக்ஸ் 0-விலிருந்து 1 வரை. ஒவ்வொரு எக்ஸுக்கும் ஒய் ஆனது எக்ஸ் ஸ்கொயரிலிருந்து 2 மைனஸ் எக்ஸ் வரை. எக்ஸ்-ஒய் என்ற சார்பை இந்தப் பரப்பில் தொகையிட வேண்டும். ஆனால் வரிசையை மாற்றிச் செய்ய வேண்டும். விடை 3/8.

விடையை மனப்பாடம் செய்துகொண்டு போனால் உருப்படாது. படம் போட வேண்டும். கீழே வளைந்து ஏறும் பரவளையம், மேலிருந்து சாய்ந்து இறங்கும் நேர்கோடு. இரண்டும் (1, 1) புள்ளியில் சந்திக்கின்றன. இதுவரை செங்குத்தாக வெட்டிய பரப்பைக் கிடையாக வெட்டிப் பார்த்தால்தான் தெரியும், ஒரே வீச்சில் முடியாது என்று. ஒய் 1 வரைக்கும் வலது எல்லை பரவளையம். எக்ஸ் 0-விலிருந்து ரூட் ஒய் வரை போகிறது. ஒய் 1-லிருந்து 2 வரைக்கும் வலது எல்லை நேர்கோடு. எக்ஸ் 0-விலிருந்து 2 மைனஸ் ஒய் வரை. பரப்பை இரண்டு துண்டாக்கித் தனித்தனியாகத் தொகையிட்டுக் கூட்ட வேண்டும். எங்கே துண்டாக்க வேண்டும் என்று சொல்லித்தர எஸ்-1, எஸ்-2 மாதிரி எந்தச் சூத்திரமும் கிடையாது. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கோடு மாறினால் படம் மாறும். படம் மாறினால் எல்லைகள் எல்லாம் மாறும்.

எந்திரம் மாதிரி செய்யக்கூடிய கணக்கை மாணவன் வைத்துக்கொள்கிறான். யோசித்துச் செய்ய வேண்டிய கணக்கை விட்டுவிடுகிறான். முதல் யூனிட்டின் வழிமுறையைக் கணினி கண்சிமிட்டும் நேரத்தில் செய்து முடிக்கும். மனித மூளைக்கு வேலை இருப்பது படம் போட்டு எல்லை குறிக்கும் இடத்தில்தான். நாம் அதைச் சாய்ஸில் விட அனுமதித்திருக்கிறோம்.

பள்ளியில் தொடங்கிய பழக்கம்

பழியைப் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் தலையில் கட்டுவது நியாயமில்லை. இந்தப் பழக்கத்தை அவர்கள் கல்லூரியில் கற்றுக்கொள்ளவில்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே திரும்பத் திரும்ப நடத்துவதைப் பல பள்ளிகள் வெற்றி ரகசியமாகவே வைத்திருந்தன. அதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025-ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு நீக்கப்பட்டுவிட்டது.

பிள்ளைகளின் மன அழுத்தம் குறையும் என்ற வகையில் அது நல்லதுதான். ஆனால் லிமிட், வகையிடல், தொகையீட்டின் அரிச்சுவடி எல்லாம் இருப்பது பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில். எம்-1 தாளின் இரண்டாம், நான்காம் யூனிட்டுகள் நிற்பதே அந்த அஸ்திவாரத்தின் மேல். பதினொன்றைத் தாண்டிக் குதித்துவந்த பிள்ளைக்கு இரண்டாம் யூனிட் வந்ததும் மூச்சு முட்டுகிறது. அப்போதுதான் சீனியரின் மூன்று யூனிட் யோசனை அவன் காதில் தேனாக விழுகிறது. ஏற்கெனவே ஒரு வருஷப் பாடத்தை விட்டுவிட்டுத் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவனுக்கு இரண்டு யூனிட்டை விடுவதில் என்ன தயக்கம் இருக்கப்போகிறது?

கட் ஆஃப் 190-க்கு மேல் எடுத்து வந்த பிள்ளைக்கு இன்டர்னலில் இருபது மார்க் வந்தால் வீட்டில் நம்ப மறுக்கிறார்கள். அந்த 190 எதை அளந்தது என்று யாரும் சொல்லாததுதான் காரணம்.

இரண்டாமாண்டில் வரும் கடன்காரன்

விட்ட யூனிட் சும்மா இருப்பதில்லை. வட்டியோடு வரும் கடன் மாதிரி, அடுத்த வருஷம் வேறு தாளின் பெயரில் வந்து நிற்கிறது. ஈ.சி.ஈ. மாணவனுக்கு ரேண்டம் ப்ராசஸ் பாடத்தில் இரண்டு ரேண்டம் வேரியபிள்களின் ஜாயின்ட் டென்சிட்டியை ஒரு முக்கோணப் பரப்பில் கொடுத்து, மார்ஜினல் டென்சிட்டி கேட்பார்கள். நிகழ்தகவு புரிந்தாலும் எல்லை போடத் தெரியாவிட்டால் கணக்கு நகராது. எலக்ட்ரோமேக்னடிக்ஸ் எடுத்தால், ஒரு பரப்பின் வழியாக வெளியேறும் ஃப்ளக்ஸ் என்ற முதல் பாடத்திலேயே டபுள் இன்டக்ரல் வந்துவிடும். மெக்கானிக்கல், சிவில் என்றால் சென்ட்ராய்டு, மொமென்ட் ஆஃப் இனர்ஷியா.

கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் தப்பித்துவிட்டதாக நினைக்கிறார்கள். மெஷின் லேர்னிங் படிக்கப் போனால் கிரேடியன்ட் என்று தொடங்கும்போதே மூன்றாம் யூனிட்டின் பகுதி வகைக்கெழு தேவைப்படும். ஏராளமான டேட்டாவைச் சில திசைகளுக்குச் சுருக்கும் பி.சி.ஏ. முறையில் மறுபடி ஐகன் வெக்டர் வரும். அப்போது வேண்டியது கால்குலேட்டர் பட்டன் அல்ல, மேலே சொன்ன அந்த இரண்டு வரி.

இரண்டாமாண்டு ஆசிரியர் 'இதெல்லாம் ஃபர்ஸ்ட் இயர்லயே படிச்சிருப்பீங்க' என்று சொல்லித் தாண்டிப் போகிறார். அறுபது பேரும் தலையாட்டுகிறார்கள். படித்ததாகத்தான் கிரேடும் சொல்கிறது. தெரியாது என்று எழுந்து சொல்ல முதல் பெஞ்சுக்கே தைரியம் இல்லை. எனக்கு அரியரைவிட இந்தத் தலையாட்டல்தான் பெரிய கவலை. அரியர் வைத்தவனுக்காவது தனக்கு என்ன தெரியவில்லை என்று தெரியும். நவம்பரில் விட்டதை ஏப்ரலில் படித்துவிடுவான். மூன்று யூனிட்டில் பி ப்ளஸ் வாங்கியவன் அந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்க்கவே போவதில்லை. எஞ்சினியர் என்ற பட்டத்துக்கு அடியில் எங்கெங்கே ஓட்டை என்று அவனுக்கும் தெரியாது, வேலை கொடுப்பவருக்கும் தெரியாது.

விதியை இறுக்கினால் முதலில் அடிபடுவது முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும்தான் என்று சிலர் வாதிடுகிறார்கள். அந்த அக்கறை நியாயமானது. ஆனால் விட்ட யூனிட்டுக்குத் தனியாக டியூஷன் வைத்துக்கொள்ள வசதி இல்லாதவர்களும் அதே பிள்ளைகள்தான். வகுப்பில் கிடைக்காதது அவர்களுக்கு வேறெங்கும் கிடைக்காது.

கல்லூரி கையில் இருக்கும் 40

கேள்வித்தாள் வடிவத்தையும் பாஸ் மார்க்கையும் ஒரு கல்லூரியால் மாற்ற முடியாது. இன்டர்னல் 40 அதன் கையில்தான் இருக்கிறது. இரண்டு மதிப்பீடு, ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வுக்கு 60, அசைன்மென்ட், செமினார் வகைக்கு 40. இந்த அசைன்மென்ட் பல இடங்களில் எப்படி நடக்கிறது என்று ஊரறியும். ஒருவன் எழுதுவான், ஐம்பது பேர் பார்த்து எழுதுவார்கள், ஆசிரியர் கையெழுத்துப் போடுவார்.

அசைன்மென்ட்டுக்கான அந்த 40-ஐப் போர்டுக்கு மாற்றலாம். நான்காம், ஐந்தாம் யூனிட்டிலிருந்து ஆளுக்கொரு கணக்கு. எழுதிக் கொடுப்பது எப்படியோ போகட்டும். வந்து நின்று படம் போட்டு, எல்லை ஏன் இப்படி வந்தது என்று ஐந்து நிமிஷம் சொல்ல வேண்டும். பார்த்து எழுதியவன் இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்வான். தெரிந்தவனைப் பார்த்துத் தெரியாதவன் கற்றுக்கொள்வான். தமிழில் விளக்கினால் மார்க் குறைக்கக் கூடாது என்பது முக்கியம்.

நடத்தும் வரிசையையும் மாற்றிப் பார்க்கலாம். மாணவர்கள் தாங்களாகவே படித்துவிடும் மேட்ரிக்ஸைக் கடைசியில் வைத்துவிட்டு, முதல் வாரத்தில் பதினொன்றாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் இல்லாத ஒரு சோதனை. எங்கே பள்ளம் என்று பார்த்துக்கொண்டு, தொகையீட்டில் தொடங்கலாம். செமஸ்டர் கடைசியில் போர்ஷன் முடிக்க ஓடும்போது பலியாவது எப்போதும் ஐந்தாம் யூனிட்தான். முதலில் நடத்தினால் அது தப்பிக்கும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பதுதான் ஆசிரியர்களிடமிருந்து வரக்கூடிய முதல் கேள்வி. ஒரு செக்‌ஷனில் 60 பேர். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்றால் 300 நிமிஷம். ஐம்பது நிமிஷப் பீரியடில் ஆறு. இந்தத் தாளுக்குப் பாடத்திட்டமே ஒதுக்கியிருக்கும் டுடோரியல் பீரியடுகள் 15. பல கல்லூரிகளில் அவை போர்ஷனை முடிக்கும் இன்னொரு வகுப்பாகத்தான் கரைகின்றன. அதில் ஆறை எடுத்துக்கொண்டாலும் ஒன்பது மிச்சம் இருக்கிறது. இதற்குப் புதிய ரெகுலேஷனோ கூடுதல் நிதியோ தேவையில்லை. வரும் செமஸ்டரிலேயே தொடங்கலாம்.