மலைநாட்டில் உயர வேறுபாடு காணல்

நில அளவையின் நோக்கம் ஒரு நிலத்தின் நீள அகலங்களைக் காண்பதோடு அமைவதன்று. ஓரிடத்தினின்றும் மற்றோரிடம் எத்துணை உயர்ந்தது, எத்துணை தாழ்ந்தது என்பதையும் அது ஆராய்தல் வேண்டும். சமவெளியில் இவ்வறிவு வயலுக்கு நீர் பாய்ச்சவும் வீட்டிற்கு அத்திவாரமிடவும் உதவும். நுவரெலியா, அற்றன் முதலிய மலைநாட்டுப் பகுதிகளிலோ, பாதையும் புகைவண்டியும் தேயிலைச் செடியும் லயத்து வீடும் இதனையே பற்றி நிற்கின்றன.

உயரம் என்பது ஓர் ஆதாரத்தை வைத்தே கூறப்படுவது. அவ்வாதாரம் சராசரிக் கடல்மட்டம் ஆகும். பீதுருதாலகாலை மலை 2,524 மீற்றர் உயரமுடையது என்னுங்கால், அச்சிகரம் கடல்மட்டத்திற்கு மேல் அவ்வளவு உயர்ந்துள்ளது என்பதே பொருள். இலங்கைத் தேசப்படங்களின் ஆள்கூற்று வலைக்கும் இச்சிகரமே தொடக்கப் புள்ளியாகக் கொள்ளப்பட்டது.

உயர வேறுபாட்டை நுட்பமாக அறியும் முறை மட்டமாக்கல் எனப்படும். மட்டக்கருவியின் தொலைநோக்கியைக் கிடையாக நிறுத்தி, பின்னிடத்தும் முன்னிடத்தும் நாட்டப்பெற்ற அளவுகோல்களை முறையே நோக்கல் வேண்டும். பின்னோக்கு 3.412 மீற்றரும் முன்னோக்கு 0.586 மீற்றரும் ஆயின், முன்னிடம் 2.826 மீற்றர் உயர்ந்ததாகும். இவ்வாறே கருவியை மாற்றி மாற்றி நிறுத்திச் செல்லின் வேண்டிய இடத்தின் உயரம் பெறப்படும். அளவுகோல் ஏறத்தாழ 4 மீற்றர் நீளமே உடையதாதலின், 100 மீற்றர் ஏறுதற்கு முப்பத்தைந்து முறைக்கு மேல் கருவியை நிறுத்த நேரிடும்.

ஈண்டு மலைச்சரிவு ஓர் இடரை விளைக்கின்றது. நேராக மேலேறிச் செல்லுங்கால் கீழ்நோக்கிய பார்வை நீண்டும் மேல்நோக்கிய பார்வை குறுகியும் அமையும். தொலைநோக்கி இம்மியளவு சாய்ந்திருப்பினும், நீண்ட பார்வையிற் பிழை மிகும். அப்பிழை ஒவ்வொரு நிலையிலும் ஒரே திசையிற் சேர்ந்து வளரும். ஆதலால் அனுபவமுடைய அளவையாளர் சரிவின் குறுக்கே வளைந்து வளைந்து ஏறி, இரு பார்வைகளையும் சம தூரமாக்குவர். இறுதியில் தொடங்கிய இடத்திற்கே மீண்டு வந்து கணக்கைச் சரிபார்ப்பர்.

விரைவு வேண்டியவிடத்து வேறு முறைகளுமுண்டு. தூரமும் ஏற்றக்கோணமும் அறியப்படின் திரிகோணகணித வழியால் உயரத்தைக் கணிக்கலாம். வளியமுக்கமானியும் பயன்படும், மலைநாட்டில் ஏறத்தாழ 10 மீற்றர் ஏறினால் அமுக்கம் 1 மில்லிபார் குறையும். எனினும் ஒரே நாளில் அமுக்கம் தானாகவே 2 அல்லது 3 மில்லிபார் மாறுமாதலின், இம்முறையில் முப்பது மீற்றர் வரை பிழை நேரலாம்.

இக்கலை மலைநாட்டில் ஆற்றிய பெரும்பணி புகைவண்டிப் பாதையாகும். அது 1884ஆம் ஆண்டில் அற்றனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. 44 அடி தூரத்திற்கு 1 அடி ஏற்றம் என்பதே அதன் எல்லையாகக் கொள்ளப்பட்டது. மலைகளைச் சுற்றிச் சுற்றி அப்பாதை செல்வதன் காரணம் இதுவே.

தோட்டப் பாதைகளின் சரிவைக் குறிக்க எளிய கருவியொன்றும் உண்டு. அளவை நூல்களில் அது ‘சிலோன் காட் திரேசர்’ என இந்நாட்டின் பெயராலேயே வழங்குகின்றது. தாங்கியில் தொங்கும் நீண்ட குழாய். அதன்மேல் நகரும் ஒரு பாரம். பாரம் பூச்சியக் குறியில் நிற்பின் பார்வை கிடையாகும். பார்ப்பவர் பக்கம் நகர்த்தின் ஏற்றத்தையும், அப்பால் நகர்த்தின் இறக்கத்தையும் காட்டும்.

தேயிலை மலைகளில் வெட்டப்படும் கான்களும் இவ்வாறே மட்டம் பார்த்து அமைக்கத்தக்கன. 120க்கு 1 என்னும் சரிவு, அஃதாவது 12 மீற்றருக்கு 10 சதமமீற்றர் இறக்கம், அவற்றிற்கு ஏற்றதாகக் கொள்ளப்படும். சரிவு மிகின் வெள்ளம் கானை அரித்து மேல்மண்ணைக் கொண்டு செல்லும். குறையின் நீர் தேங்கி மண்ணுட் புகும். செங்குத்தான சரிவில் நீர் ஊறிய மண் நழுவும் தன்மையது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில், பெருமழையின் பின் மலைச்சரிவு நழுவித் தொழிலாளர் குடியிருப்புக்களை மூடியதை மலைநாடு மறக்கவியலாது. அத்தகைய அழிவிற்குக் காரணங்கள் பல. எனினும் நீரின் போக்கும் நிலத்தின் சரிவும் அவற்றுள் தலையாயவை.

இக்காலத்தில் செய்மதி வழி உயரம் காணும் கருவிகள் வந்துள்ளன. அவை புவியை ஒழுங்கான நீள்வளையவுருவாகக் கொண்டு கணிக்கின்றன. இலங்கையைச் சூழ்ந்த கடல்மட்டமோ அவ்வுருவின் மேற்பரப்பினும் ஏறத்தாழ 100 மீற்றர் தாழ்ந்துள்ளது. ஆகவே திருத்தப்படாத அளவு உண்மை உயரத்தினும் அவ்வளவு குறைவாகவே தோன்றும். நீர் ஓடும் திசையை அறிய விழைவோர் கருவி தரும் எண்ணை அப்படியே கொள்ளாது, அது எவ்வாதாரத்திலிருந்து அளக்கப்பட்டது என்பதை முதற்கண் வினவுதல் வேண்டும். சரிவில் வாழும் மக்களுக்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று; அவர்தம் மண்ணையும் மனையையும் காப்பதற்கு வேண்டுவதாகும்.