எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர் எழுதிய பியானோ இசை: 'சாத்தானின் படிக்கட்டு' பற்றி தெரியுமா?

மழைக்காலத்துல திமிரியில இருந்து ஆற்காடு வரைக்கும் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிச்சவங்களுக்குத் தெரியும். கால் வலிக்கும், வண்டி நகராது. இந்த அவஸ்தையில இருந்து ஒரு பியானோ இசையே பிறந்திருக்கு!

யார் எழுதியது?

ஹங்கேரிய இசையமைப்பாளர் லிகெட்டி (1923-2006). அமெரிக்காவின் சாண்டா மோனிகா கடற்கரையில் புயல் காற்றை எதிர்த்து சைக்கிள் ஓட்டிய அனுபவத்தில் இருந்து, 1993ல் இதை எழுதினார். பியானோவுக்கு அவர் எழுதிய 18 'எட்யூட்'களில், அதாவது பயிற்சி இசைகளில், இது 13வது. சுமார் 5 நிமிடம்தான் ஓடும்.

புயல் எங்கே இருக்கிறது?

காற்றின் சத்தத்தை அவர் அப்படியே காப்பி அடிக்கவில்லை. காற்றோடு மல்லுக்கட்டும் உடம்பைத்தான் இசையாக்கினார். சுரங்கள் கீழிருந்து படிப்படியாக மேலே ஏறும். உச்சிக்குப் போனதும் மறுபடி கீழிருந்து ஏறணும்.

தாளமும் சீராக இருக்காது. நம்ம மிருதங்கச் சொல்லில் சொன்னால், 'தக' (2), 'தகிட' (3) இரண்டும் மாறி மாறிக் கலந்து வருவது மாதிரி. அடுத்த அழுத்தம் எங்கே விழும்னு கணிக்கவே முடியாது. காற்று தள்ளும்போது பெடல் தடுமாறுமே, அதேதான்.

ஏன் இந்தப் பெயர்?

கணிதத்தில் இதே பெயரில் ஒரு வளைகோடு உண்டு. அதில் எண்ணற்ற படிகள். அதன் பெயரைத்தான் லிகெட்டி எடுத்துக்கொண்டார்.

ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பாருங்க. உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கினால், லிகெட்டி ஜெயிச்சிட்டார்னு அர்த்தம்.