உப்பை மோப்பம் பிடிக்கும் நியூட்ரான்

சுந்தரபாண்டியத்தில் நின்றால் மேற்கே மலைதான் தெரியும்; கடலுக்கும் நமக்கும் வெகுதூரம். ஆனாலும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பழைய மாடி வீடுகளில் சன்ஷேடு காரை பெயர்ந்து, உள்ளே துருப்பிடித்த கம்பி பல்லிளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழி கொத்தனார் மேல் விழும். பல இடங்களில் உப்புக்கும் அதில் பங்குண்டு.

நல்ல கான்கிரீட்டுக்குக் காரத்தன்மை அதிகம், பி.எச். 12-க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியைச் சுற்றி மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகித் துருவைத் தடுக்கும். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை உடைக்கிறது. துருவோ இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து நெருக்கி, கான்கிரீட்டைப் பிளந்துவிடும். வெளியே விரிசல் தெரியும்போது உள்ளே கம்பி பாதி தின்னப்பட்டிருக்கலாம். 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் போன்ற கடல் பாலங்களுக்கு இதுதான் ஓயாத தலைவலி.

உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்றறிய, துளை போட்டுப் பொடியெடுத்து, லேபில் சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்ப்பது வழக்கம். ஓட்டை போட்ட இடத்தின் கதை தெரியும். ஒரு முழம் தள்ளி என்ன நிலவரம் என்பது தெரியாது.

இங்கேதான் நியூட்ரான் வருகிறது. மின்னூட்டம் இல்லாததால் அது கான்கிரீட்டுக்குள் எளிதாக நுழையும். வேகம் குறைந்ததும் அணுக்கருக்கள் அதை விழுங்கும். இதில் குளோரின் பெருந்தீனிக்காரன்: கால்சியத்தைவிட 70 மடங்குக்கு மேல் விழுங்கும். விழுங்கிய கணமே தனக்கே உரிய ஆற்றல்களில் காமா கதிர்களை உமிழும். அவற்றை எண்ணினால் உப்பின் அளவு கிடைத்துவிடும். ஆழத்திலிருந்து வரும்போது ஆற்றல் குறைந்த கதிர்கள் வழியிலேயே அதிகம் தேய்ந்துபோகும், ஆற்றல் மிகுந்தவை தப்பிவரும். இரண்டின் விகிதம் உப்பு எந்த ஆழத்தில் இருக்கிறது என்றும் சொல்லும்.

ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிறுவனம் கலிஃபோர்னியம்-252 என்ற ஐசோடோப்பை நியூட்ரான் மூலமாக வைத்து, பாலத்துக்கே தூக்கிச் செல்லும் கருவியை உருவாக்கியிருக்கிறது. நியூட்ரான் நமக்கும் புதிதல்ல. கல்பாக்கத்தில் 1996 முதல் காமினி என்ற சிறிய அணு உலை, நியூட்ரானால் பொருள்களின் உட்புறத்தைப் படம்பிடித்துவருகிறது.

அந்தக் கருவி நம் ஊர் மாடிகளுக்கு வர நாளாகும். அதுவரை செய்யக்கூடியது ஒன்றுண்டு. கடல் இல்லாத ஊரில் உப்பு பெரும்பாலும் போர் தண்ணீரில்தான் வரும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது ஐ.எஸ். 456 தரவிதி. தளம் போடும் முன் ஒரு பாட்டில் தண்ணீரை லேபுக்குக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.