இரு நகரும் இடையூர்களும்

பட்டினப்பாக்கத்துக் கடற்கரையோரம் குடியிருப்பவர்க்கு மதுரை எவ்வளவு தூரம்? இருப்புப்பாதைக் கணக்கர் எழும்பூரிலிருந்து அளந்து, ஏறத்தாழ 493 கிலோமீட்டர் என்பர். பிரயாணியின் கணக்கோ வீட்டு வாயிலிலே தொடங்குகிறது. அவர் மந்தைவெளி நிலையம் வரை நடந்து, பறக்கும் இரயிலேறிப் பூங்கா நகரில் இறங்கி, எதிரேயுள்ள பூங்கா நிலையம் புகுந்து, அங்கே வேறொரு வண்டி பிடித்து அடுத்த நிலையமாகிய எழும்பூரை அடைதல் வேண்டும். கையில் பெட்டியும் மழையும் சேர்ந்துகொள்ளின், எஞ்சிய தூரம் சுலபமென்றே தோன்றும்! அந்த எஞ்சிய தூரம் காலப்போக்கில் எங்ஙனம் சுருங்கிற்று என்பதையும், அச்சுருக்கத்தின் விலையை யார் கொடுத்தனர் என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

புகைவண்டி விரைதற்கு எஞ்சினின் வலிமையே காரணமென்று பலர் கருதுவர். (புகை மறைந்து ஆண்டுகள் பலவாயினும் பழைய பெயரை விட மனம் வரவில்லை.) உண்மையில் வண்டியினும் வழியே முதன்மையானது. பழைய தென்னிந்திய இரயில்வேயின் பிரதான பாதை விழுப்புரத்திலிருந்து நேரே திருச்சிக்குச் செல்லவில்லை. கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சை என்று காவிரி நாட்டைச் சுற்றிக்கொண்டே திருச்சியை அடைந்தது. நெல்லும் யாத்திரிகரும் துறைமுகங்களும் அப்பக்கமே இருந்தமையால், அக்காலத்திற்கு அது தக்க வழியே. பின்னர், 1920-களின் பிற்பகுதியில், விருத்தாசலம், அரியலூர், இலால்குடி வழியாகப் புதுப்பாதை ஒன்று அமைந்தது. கார்டு லைன் என்று இன்றும் வழங்குவது இதுவே. முன்னையது வளைந்த வில்லெனின், இது அவ்வில்லில் பூட்டிய நாண் எனலாம். விழுப்புரத்திற்கும் திருச்சிக்கும் இடையே பழைய வழி ஏறத்தாழ 240 கிலோமீட்டர்; புதிய வழி 178. எஞ்சினுக்கு ஒரு கரித்துண்டும் மிகுதியாகப் போடாமலே அறுபது கிலோமீட்டர் மிச்சமாயிற்று.

நாண் வழியே 15-8-1977 அன்று வைகை விரைவு வண்டி தொடங்கிற்று. மீட்டர் அளவான குறுகிய தண்டவாளத்தின்மேல் ஏறத்தாழ ஏழு மணியில் மதுரையையும் சென்னையையும் அது இணைத்தது அந்நாளில் பெருவியப்பாகப் பேசப்பட்டது. 1990-களின் பிற்பகுதியில் இவ்வழி அகலப்பாதை ஆயிற்று. இரட்டைப்பாதை அமைந்தபின், எதிர்வரும் வண்டிக்காக ஒதுங்கி நிற்கும் துன்பமும் நீங்கிற்று. 2019 மார்ச்சில் தேஜஸும், 2023 செப்டம்பரில் திருநெல்வேலி செல்லும் வந்தே பாரதமும் வந்தன. இப்போது ஏறத்தாழ ஆறு மணியில் மதுரை. வந்தே பாரதம் மணிக்கு 160 கிலோமீட்டர் ஓடத்தக்கதாக அமைக்கப்பட்டது; எனினும் நம் பாதையில் அதன் முழுவலிமையைக் காட்ட இடமில்லை. வளைவில் விரையும் வண்டி வெளிப்புறமாகத் தள்ளப்படுவதால், வெளித்தண்டவாளத்தைச் சிறிது உயர்த்தி அமைப்பர். அவ்வுயர்வுக்கும் ஓர் எல்லையுண்டன்றோ?

இதே இடர்ப்பாட்டை இத்தாலியர் எதிர்கொண்ட விதம் அறியத்தக்கது. பிளாரன்ஸ் நகருக்கும் ரோமாபுரிக்கும் இடையிலிருந்த பழைய பாதை ஆற்றுப் பள்ளத்தாக்குகளைப் பற்றிக்கொண்டு 314 கிலோமீட்டர் வளைந்து சென்றது. அவர்கள் குன்றுகளைக் குடைந்தும் பாலங்கள் எடுத்தும் 254 கிலோமீட்டரில் புதுப்பாதை வகுத்தனர். 'திரெத்திஸ்ஸிமா', அதாவது மிக நேரானது, என்பது அதன் பெயர். அதன் முதற்பகுதி திறக்கப்பட்டதும் நம் வைகை பிறந்த 1977-ஆம் ஆண்டிலேதான். வேலை முற்றுப்பெற்றது 1992-இல். ஐரோப்பாவில் அதிவேக இருப்புப்பாதைகளுக்கு அதுவே முன்னோடி. இன்று அவ்விரு நகரங்களுக்கிடையே ஒன்றரை மணிநேரப் பயணமே. அங்கும் மிச்சமானது அறுபது கிலோமீட்டர் என்பது ஒரு சுவையான ஒற்றுமை.

ஆயின் என் உள்ளத்தைக் கவர்ந்தது அவ்வேகமன்று. பழைய பாதையிலிருந்த அரெஸ்ஸோ, ஓர்வியேத்தோ முதலிய ஊர்களை நேர்பாதை விலகிச் செல்வதை உணர்ந்து, இரு பாதைகளையும் ஆங்காங்கே இணைப்புத் தண்டவாளங்களால் கோத்துவிட்டனர். சில வண்டிகள் விரைபாதையினின்று இறங்கி இடையூரில் மக்களை ஏற்றிக்கொண்டு மீண்டும் விரைபாதை ஏறலாம். இருநகரங்களின் வேகம் இடையூர்க்கு இடையூறு ஆகாதபடி செய்த ஏற்பாடு அது. நம்மவர் நாண் பாதை போட்டபோது கும்பகோணமும் மாயவரமும் இழந்ததை எண்ணுவார்க்கு இதன் அருமை விளங்கும். தெற்கே விரையும் வண்டிகள் மெல்ல மெல்ல அவ்வழியை விட்டு நீங்கின.

இவ்வேற்றுமையை நான் நேரில் உணர்ந்தது சென்ற ஆண்டிலேயாகும். பட்டினப்பாக்கத்தில் என் அடுத்த அறையிலே தங்கியிருந்த நண்பர் மணப்பாறையூரினர். ஓர் இரவு பதினொரு மணிக்குமேல் அவர் தாயார் நோயுற்ற செய்தி வந்தது. தெற்கே செல்லும் இரவு வண்டிகள் போய்விட்டன. விடியற்காலை எழும்பூரினின்று புறப்படும் விரைவண்டியில், யாரோ கைவிட்ட ஓரிடம் தெய்வாதீனமாகக் கிடைத்தது. துணைக்கு நானும் எழும்பூர் வரை சென்றேன். முந்நூற்று முப்பத்தேழு கிலோமீட்டரை ஏறத்தாழ நான்கு மணியில் கடந்து அவ்வண்டி திருச்சியில் நின்றது. அடுத்த நிறுத்தம் திண்டுக்கல். மணப்பாறையில் அது நில்லாது.

நண்பர் திருச்சியில் இறங்கினார். அவரை இறக்கிவிட்ட வண்டி அரைமணிக்குள் அவருடைய ஊரை ஊடுருவிச் சென்றிருக்கும். அவரோ பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார். நாற்பது கிலோமீட்டருக்கும் குறைந்த அத்தூரத்திற்குக் காத்திருப்பும் கூட்டமும் சேர்த்து இரண்டு மணியாயிற்று. அவர் வீடு புகுந்தபோது காய்ச்சல் தணிந்து தாயார் திண்ணையில் சாய்ந்திருந்தனராம்.

"வண்டிச் சத்தம் அப்போதே கேட்டதே, நீ ஏன் இவ்வளவு நேரம்?" என்று அவர் வினவினாராம்.